வைக்கோல் அடைத்த குழாய்

அண்ணே,

அட்டைப்பெட்டியைத் திறந்ததும் ரெக்சின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. கடைக்காரர் அந்த ஹெட்போனை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். எனக்கு அது கண்ணில் படவில்லை, நீதான் பட்டாய். உன் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பச்சை ரெக்சின் உறை போட்டு வைத்திருப்பாயே, சைக்கிள் கேரியரில் வெயில் குடித்துக் குடித்து அதிலிருந்து ஒரு வாடை வருமே, அதே வாடை. நீ செத்துப்போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. உன் சாவு வீட்டில் எல்லாரும் மாரடித்து அழுதபோதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அழுதேன், அது வேறு. அந்த வாடை வந்ததும் கோபம் அப்படியே சுடச்சுட எழுந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் எழுதவும் வந்துவிட்டாளா என்று சிரிக்காதே. தாண்டவிடாமல் நாற்றங்காலுக்கு இழுத்துக்கொண்டு போனது யார் என்று உனக்கும் தெரியும்.

எனக்கு எதற்கு இந்த வயதில் ஹெட்போன் என்று கேட்பாய். சொல்கிறேன். தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாடி வைத்த கட்டிடம், நாங்கள் கீழ் வீடு. மகன் எனக்கு ஒரு பாட்டுப்பெட்டி வாங்கிக் கொடுத்தான். செங்கல் அளவுதான், உள்ளே பழைய பாட்டெல்லாம் அடைத்து விற்கிறார்கள். சாயங்காலம் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கீரை ஆய்ந்தபடி கேட்பேன். மேல் வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் படியில் நின்றபடியே சொன்னார்:

"அம்மா, கொஞ்சம் சத்தத்தக் கொறச்சு வைங்களேன். எல்லாருக்கும் ஒங்க பாட்டு புடிக்கணும்னு இல்லியே."

"விடிகாலைல நீங்க வைக்கிற பாட்டு எனக்குப் புடிக்குதான்னு கேட்டீங்களா சார்?"

"அது பக்திப் பாட்டும்மா."

"இதுவும் எனக்குப் பக்திதான்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை, என் மகனிடம் பேசினார். அந்தக் காலத்திலும் இப்படித்தானே, பொம்பளை வாய் திறந்தால் அவள் வீட்டு ஆம்பிளையைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். மகன் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒரு ஹெட்போன் வாங்கிக்கம்மா. காத முழுசா மூடற மாதிரி. மூவாயிரத்துக்குள்ள நல்லதாவே கெடைக்குது. நீ எவ்ளோ சத்தமா வேணா கேளு, வெளிய ஒருத்தருக்கும் கேக்காது."

வெளியே ஒருத்தருக்கும் கேட்காது. அண்ணே, இந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னவனும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

நம் ஊரில் குழாய் ஸ்பீக்கருக்கு முகம் உண்டு, முதுகு உண்டு. முகம் எந்தத் தெருவைப் பார்க்கலாம் என்று எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. மிராசு வீட்டில் கல்யாணம் என்றால் குழாயை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், நம் தெருவைப் பார்த்துக் கட்டுவார்கள். அவர்கள் பந்தலில் நமக்கு இடமில்லை, அவர்கள் காது வலிக்கக் கூடாது என்று பாட்டை மட்டும் நம் தலையில் கொட்டுவார்கள். நம் தெருவில் கல்யாணமோ காதுகுத்தோ நடந்தால் குழாய் மிராசு தெருவைப் பார்க்கக் கூடாது. வயலைப் பார்த்துக் கட்டலாம், சுடுகாட்டைப் பார்த்துக் கட்டலாம், அது நம் இஷ்டம். தப்பித்தவறி முகம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால் காரியக்காரர் சைக்கிளில் வந்து இறங்குவார். மிராசின் நிலபுலம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த மனுஷன்தான். வாயைத் திறக்க மாட்டார். கீழே நின்று ஆள்காட்டி விரலை ஒரு சுழற்று சுழற்றுவார். குழாய் திரும்பிவிடும்.

அந்த விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் நீ மைக் செட்டுத் தொழிலுக்குப் போனாய். நாகப்பட்டினத்தில் ஒரு செட்டுக்காரரிடம் ஒயர் சுற்றி, மூங்கில் தூக்கி, கடைசியில் அவருடைய பழைய செட்டையே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாய். ஆட்சி மாறியிருந்த புதிது. கட்சிக் கரை போட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் வந்து நின்றாய். நான் நாற்றுமுடி கட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, ஒங் கல்யாணத்துக்குக் குழாய நேரா மெராசு தெருவப் பாத்துக் கட்டுறேன் பாரு. ஆட்சி நம்மளுது. இனிமே எவன் வெரலச் சொழட்டுறான்னு பாத்துடுவோம்."

நடவுக்காரிகள் சிரித்தார்கள். "மொதல்ல மாப்புள்ளயப் பாருய்யா, அப்புறம் குழாயப் பாக்கலாம்" என்றாள் ஒருத்தி. எல்லாருக்கும் அது விளையாட்டுப் பேச்சு. நான் சிரிக்கவில்லை. சேற்றுக்குள் நின்றபடி அதைச் சத்தியமாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டாய். டென்ட் கொட்டகையில் பார்த்த ஒரு படத்துப் பாட்டைச் சொன்னேன். அங்கேயும் முதல் சரணத்தோடு பிலிம் அறுந்துவிட்டது, மிச்சத்தை நான் கேட்டதில்லை. அந்தப் படம் எங்கேயும் ஓடவில்லை, பாட்டும் ரேடியோவில் அபூர்வம். நீ எங்கெங்கோ அலைந்து அந்த இசைத்தட்டை வாங்கிக்கொண்டு வந்தாய். அந்த அலைச்சலை மறக்கவில்லை. எனக்கு நல்லதும் ஞாபகம் இருக்கும், கெட்டதும் ஞாபகம் இருக்கும். அதுதான் என் கஷ்டம்.

சரி, கடைக்கு வருகிறேன். மருமகள்தான் வண்டியில் உட்கார வைத்துக் கீழவாசலுக்குக் கூட்டிப்போனாள்.

"அத்த, கடையில சண்ட போடக் கூடாது."

"நான் ஏன்டி சண்ட போடப்போறேன்? சாமான் சரியா இருந்தா வாங்கிட்டு வரப்போறேன்."

"மிக்ஸி வாங்கும்போதும் இதத்தான் சொன்னீங்க."

கடைக்காரர் நரைத்த மீசைக்காரர், பொறுமைசாலி. முதலில் ஒன்றைக் கொடுத்தார். சின்னது. காதின்மேல் வடை வைத்த மாதிரி உட்கார்ந்தது. மாட்டிய உடனே தோட்டின் திருகாணி கழுத்தில் குத்தியது.

"தோட்டக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்கம்மா."

"இது எங் கல்யாணத்துக்கு எங்கண்ணன் போட்டது. கழட்டுனதில்ல."

"அப்பன்னா காதச் சுத்தி ஒக்கார்றதுதான் ஒங்களுக்குச் சரிவரும்" என்று அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அப்புறம் ஒயரே இல்லாத ஒன்று. காதை முழுதாக உள்ளே வாங்கிக்கொண்டது, தோடு எங்கேயும் இடிக்கவில்லை. ஆனால் அதைப் போனைப் போலத் தினம் கரண்டில் சொருக வேண்டுமாம். எனக்கு ஒயர் வேண்டும் என்றேன்.

"இப்ப யாரும்மா ஒயர் கேக்குறா?"

"நான் கேக்குறேன். ஒயருன்னா வேணாங்கிறப்போ புடுங்கலாம்ல."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பாட்டுப்பெட்டியைப் பையில் கொண்டுபோயிருந்தேன், மேசைமேல் எடுத்து வைத்தேன். "புதுச் செட்டுக்குத் தெரிஞ்ச பாட்டப் போடு, அப்பத்தான் எது கொறையுதுன்னு தெரியும்" என்பாய் அல்லவா. எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு எது? அதையே போட்டேன், என் கல்யாணப் பாட்டை. அடுத்து அவர் கொடுத்த ஹெட்போனில் மேளம் நெஞ்சில் இடித்தது, பாடுகிற அம்மாள் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பசங்களுக்கு அப்படித்தான் வேண்டுமாம். எனக்கு வேண்டாம் என்றேன்.

இன்னொன்று கொடுத்தார். அதன் வெளிப்புறம் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அண்ணே, அது நன்றாக இருந்தது. பாட்டு காதுக்குள் கேட்கவில்லை, எதிரே திறந்த வெளியில் யாரோ நின்று பாடுகிற மாதிரி இருந்தது. ஆனால் தள்ளி நின்ற மருமகளுக்கும் கேட்டுவிட்டது. "இது பின்பக்கம் தொறந்த மாடலும்மா, சத்தம் வெளிய கசியும். தனி ரூம்ல கேக்குறவங்களுக்குத்தான்" என்றார். விலையைச் சொன்னார். மருமகள் என்னைப் பார்த்தாள், நான் அதைக் கழற்றி வைத்தேன். திறந்து கேட்பதற்கு விலை எப்போதும் கூடுதல்தான்.

அப்போதுதான் அந்த ரெக்சின் பெட்டியைத் திறந்தார்.

"இதப் பாருங்கம்மா. ஒங்க பட்ஜெட்டுக்கு இதவிட நல்லது கெடையாது. காது முழுசா உள்ள போயிடும், பஞ்சு மெத்துனு இருக்கும், ஒயர் போனா ஒயர மட்டும் மாத்திக்கலாம். முக்கியமா, பின்பக்கம் நல்லா அடைச்சது. வெளிய ஒரு பொட்டு கேக்காது."

பெருமையாகத்தான் சொன்னார், பாவம். எனக்கு அந்த 'அடைச்சது' போதுமாக இருந்தது.

என் கல்யாண நாள். ஆவணி மாதம், காற்றில்லாத காலை. சாதாரணமாகக் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான் நடக்க வேண்டும். பெண் வீட்டில்தான் என்று நீ அடம் பிடித்தாய், குழாய்க்காகத்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து மூங்கில் உச்சியைப் பார்க்கிறேன். குழாயின் முதுகு தெரிகிறது. முகம் வயலைப் பார்த்திருக்கிறது.

"ஏண்ணே, குழாய் அந்தாண்ட பாக்குது?"

நீ தரையைப் பார்த்தாய். "காத்து அப்பிடி அடிக்குது தங்கச்சி. சத்தம் சுத்திக்கிட்டு வந்துரும், பாரேன்."

காற்று எங்கே அடித்தது? முந்தின நாளே காரியக்காரர் வந்து போய்விட்டார் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மிராசிடம் நீ குத்தகைக்கு எடுத்திருந்த மூன்று மா நிலத்தில் குறுவை கதிர் முற்றி, தலை சாய்ந்து நின்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறார். நீ குழாயைத் திருப்பிவிட்டாய். திருப்பியதை என்னிடம் சொல்லியாவது இருக்கலாம். காற்றின்மேல் பழி போட்டாய்.

ஆனால் உன் பொய் நிஜமாகிவிட்டது, அதுதான் வேடிக்கை. நம் தெருவுக்குக் கிழக்கே சம்பாவுக்கு உழுது தண்ணீர் கட்டிய வயல், கண்ணாடி மாதிரி கிடந்தது. அதற்கு அப்பால் பண்ணைக் களத்தின் உயரமான மதில். நீ பாட்டைப் போட்டதும் சத்தம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போய், மதிலில் மோதி, திரும்பி, நேராக மிராசு தெருவில் விழுந்தது. முகத்தைக் காட்டிக் கட்டியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது. ஒரு வரி நம் பந்தலில் முடிவதற்குள் அதே வரி அங்கே மறுபடி ஆரம்பித்தது. நான் மணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டான் என்று நினைத்தேன். அந்தப் பாதிப் பாட்டு நேரம்தான் அண்ணே, என் கல்யாணம்.

காரியக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "எலேய், ரெண்டு கொழா கட்டிருக்கியாடா? இன்னொண்ண எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?"

"ஒண்ணுதாங்க."

"ஒண்ணுக்கு எப்புடிடா ரெண்டு தடவ பாடும்?"

பந்தலில் யாரோ, "ஒங்க செவுருதாங்க கூடப் பாடுது" என்றார்கள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாட்டைப் பொறுத்திருப்பார் அவர், அந்தச் சிரிப்பைப் பொறுக்கவில்லை. "நிறுத்துடா" என்றார்.

"நிறுத்த மாட்டங்க. எந் தங்கச்சி கல்யாணம். வேணா சத்தத்தக் கொறச்சிக்கிறேன்."

"நீ குமிழத் திருகுவ, நான் அந்தாண்ட போனதும் ஏத்துவ. எங் கண்ணுக்குத் தெரியணும். வைக்கோல எடுத்து அடைடா அதும் வாயில. இல்லன்னா நாளக்கி ஒன் வயல்ல என் அருவா எறங்கும்."

தாலி எடுத்துக் கொடுத்துப் பேச வந்திருந்த கட்சிப் பேச்சாளர் அந்த நேரம் பார்த்து கையிலிருந்த கோலி சோடாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் தெரு ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ மாட்டுக்கொட்டகைக்குப் போனாய். வைக்கோலை வாரி அக்குளில் இடுக்கிக்கொண்டு மூங்கிலில் ஏறினாய். இசைத்தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. உச்சியில் குழாயைக் கட்டிப்பிடித்து, முகத்தை அதன் வாயருகே வைத்து, கை கையாகத் திணித்தாய். முதல் சரணம் முடிந்து புல்லாங்குழல் வருகிற இடம். குழல் வந்தது, அப்படியே மூச்சு முட்டி, ம்ம்ம் என்று முனக ஆரம்பித்தது. வாயைப் பொத்திய பெண் முனகுகிற மாதிரி. அந்த முனகலில்தான் எனக்குத் தாலி ஏறியது.

இறங்கி வந்து என்னிடம் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "பந்தலுக்குள்ள நமக்குக் கேக்குதுல்ல, போதும். வெளிய கேக்காது." மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மாமியார் சாகும்வரை சொல்லிக்காட்டினாள், "ஒங்க ஊர்ல மாட்டுக்குப் போடுற வாய்ப்பூட்டப் பாட்டுக்கும் போடுவாங்கள்ல" என்று. குழம்பில் உப்பு கூடினால் அது, பிள்ளை அழுதால் அது.

சரி, வாயை அடைத்தாய், வயலாவது மிஞ்சியதா? நான் மறுவீடு வந்த அன்று வெளியூர் ஆட்களை இறக்கி உன் குறுவையை அறுத்துக்கொண்டு போனார்கள். நீ வரப்பில் நின்று பார்த்தாய். நான் உன் பக்கத்தில் நின்றேன். அறுத்தவர்களும் நம்மைப் போலக் கூலிக்காரர்கள்தான், தலையை நிமிர்த்தாமல் அறுத்தார்கள். அடைத்தாலும் போயிருக்கும், அடைக்காவிட்டாலும் போயிருக்கும். அப்படியானால் அடைக்காமலே போயிருக்கலாமே அண்ணே! இதைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்கிறேன்.

கட்சியில் பார்த்துக்கொள்வார்கள் என்றாய். கட்சி நன்றாகப் பார்த்துக்கொண்டது. சில வருஷத்தில் மிராசு தோள் துண்டை மாற்றிக்கொண்டு மேடையில் ஏறி உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்துக்கு மைக் செட்டு யாருடையது? உன்னுடையது. உழுபவனுக்கே நிலம் என்று உன் குழாய் கத்தியது, உன்னை உழவிடாதவர் மாலையோடு கை தட்டினார். நீ ஆம்ப்ளிபயர் பக்கத்தில் குந்தி பீடி குடித்துக்கொண்டிருந்தாய். நான் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கவில்லை.

அதனால்தான் என் மகன் காதுகுத்துக்கு உன் செட்டு வேண்டாம் என்றேன். தாய்மாமன் மடி மட்டும் வேண்டும், அது முறை. செட்டு வேறு ஊர்க்காரனுடையது. நீ பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது, குழாயை நேராக உன் முகத்தைப் பார்த்துக் கட்டச் சொன்னேன். ஊரே பார்த்தது. நீ கோபப்படவில்லை.

"தங்கச்சி, ரொம்ப அலறுது. புள்ளைக்குக் காது வலிக்கும், கொஞ்சம் மேல தூக்கிக் கட்டச் சொல்லு."

"வைக்கோலு இருக்கு, வேணுமாண்ணே?" என்றேன்.

பிள்ளையின் இரண்டு காதையும் உன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாய். அப்படிச் செய்ததற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. இனியும் படமாட்டேன்.

அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு வந்தேன், போனேன். உன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தப் பாட்டை மட்டும் நான் முழுதாகக் கேட்டதே இல்லை. எப்போதாவது எங்கேயாவது வந்தால் சரணம் முடிகிற இடத்தில் எழுந்து போய்விடுவேன். பாட்டுப்பெட்டி வந்த பிறகும் அப்படித்தான், அந்த இடம் வந்ததும் கட்டைவிரல் தானாக அணைத்துவிடும். வைக்கோல் வருவதற்கு முன்னால் நானே நிறுத்திவிட வேண்டும். முனகலை இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தது ஞாபகம் இருக்கும். வாழ்நாளெல்லாம் குழாய்க்கடியில் இருந்ததில் உன் காது முழுதாகப் போய்விட்டிருந்தது. மாட்டுக்கொட்டகையில் உன் பழைய குழாய் மல்லாக்கக் கிடந்தது. அதற்குள் வைக்கோலைப் போட்டுக் கோழியை அடைக்கு வைத்திருந்தார்கள். அந்தக் குழாயில், மறுபடியும் வைக்கோல். எனக்குத் தாங்கவில்லை. கட்டிலுக்கு வந்து உன் காதில் வாயை வைத்துக் கத்தினேன். "ஏண்ணே அன்னைக்கு அடைச்ச? சொல்லிட்டுப் போ. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

நீ என் வாயைப் பார்த்தாய். என் தோட்டைத் தொட்டுப் பார்த்தாய். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு மெட்டை முனகினாய். ஸ்ருதியும் இல்லை, தாளமும் இல்லை. நான் நெஞ்சு வெடிக்கக் கேட்கிறேன், இவன் பாட்டுப் பாடுகிறானே, நக்கலா என்று நினைத்தேன். விடுவிடுவென்று வந்து பஸ் ஏறிவிட்டேன். அடுத்து வந்தது சாவுச் செய்திதான்.

இப்போது கடையில் நடந்ததைக் கேள்.

'நல்லா அடைச்சது' என்று அவர் சொன்ன அந்த ஹெட்போனை மாட்டினேன். காது இரண்டும் மெத்தைக்குள் அமுங்கின. ரோட்டுச் சத்தம், கடை மின்விசிறி, மருமகள் பேச்சு எல்லாம் ஒரே வெட்டாக நின்றன. கடைக்காரரே பெட்டியைத் தன் பக்கம் இழுத்துப் பாட்டைப் போட்டார். அந்த அம்மாள் குரல் என் நெற்றிக்கு நடுவில் உட்கார்ந்து பாடியது, ஒரு எழுத்து மங்கவில்லை. கடைக்காரர் வேறெதையோ எடுக்க ஏணியில் ஏறிவிட்டார். மருமகள் போன் வந்ததென்று வாசலுக்குப் போய்விட்டாள். பாட்டுப்பெட்டி மேசையின் அந்தக் கோடியில், எனக்கு எட்டாமல். சரணம் முடிந்தது. கட்டைவிரல் துடிக்கிறது, அணைக்கப் பொத்தான் இல்லை. ஹெட்போனைப் பிடுங்கிவிடலாம் என்று கையைத் தூக்கினேன்.

புல்லாங்குழல் வந்தது. மூச்சு முட்டவில்லை. வைக்கோல் வரவில்லை. குழல் தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. அதன் பின்னால் அந்த அம்மாள் புதிதாக ஒரு மெட்டைத் தொட்டாள். என் கை அப்படியே நின்றுவிட்டது.

அது நீ கட்டிலில் முனகிய மெட்டு.

ஒரு வளைவு தப்பவில்லை. ஸ்ருதி கெட்டு, மூச்சு இழுத்து, நீ முனகினாயே, அதுதான். அடைத்த இடத்திலிருந்து ஆரம்பித்த மிச்சப் பாட்டு. அன்றைக்குக் குழாயின் வாயில் முகத்தை வைத்திருந்தவன் நீ ஒருத்தன்தான். எங்களுக்கெல்லாம் முனகலாகக் கேட்டது உன் காதுக்கு மட்டும் முழுதாகக் கேட்டிருக்கிறது. என் கல்யாணத்தின் மிச்சப் பாதியை நீ ஒருவனே கேட்டாய், காது போன பிறகும் வைத்திருந்தாய். நான் கேட்டது உனக்கு விளங்கியிருக்கிறது. பதிலும் சொல்லியிருக்கிறாய், அடைத்தேன், ஆனால் தொலைக்கவில்லை, உனக்காக வைத்திருக்கிறேன் என்று.

கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றி ஆட்கள் சார்ஜர் வாங்கினார்கள், பேரம் பேசினார்கள். என் தலைக்குள் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் ஒரு பொட்டு கேட்கவில்லை. கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், சாமான் நல்ல சாமான். மருமகள் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"என்னத்த, காது வலிக்குதா?"

"இதக் கட்டச் சொல்லு. இதே போதும்."

"வேற பாக்க வேணாமா?"

"போதுங்கிறேன்ல."

வீட்டுக்கு வரும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். வாயில் சொன்னால் என்ன குறைந்திருக்கும் உனக்கு? காதுகுத்து அன்று சொல்லியிருக்கலாம். வரப்பில் சேர்ந்து நின்றோமே, அன்று சொல்லியிருக்கலாம். அந்தத் தட்டை ஒருநாள் எனக்காகப் போட்டிருக்கலாம். எல்லாவற்றையும் உள்ளே திணித்துத் திணித்து வைத்துக்கொண்டு, சாகப்போகும்போது ஒரு முனகல் முனகிவிட்டுப் போனால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? பதில் சொல்லிவிட்டாய் என்பதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ குழாயைத் திருப்பியது திருப்பியதுதான்.

ஹெட்போன் தினமும் மாட்டுகிறேன். விடிகாலையில் மேல் வீட்டுப் பாட்டு இப்போது எனக்கு வருவதில்லை, அந்த மட்டில் லாபம். நேற்றுச் சாயங்காலம் நம் பாட்டைப் போட்டேன். முதல் பாதியை ஹெட்போனில் கேட்டேன். சரணம் முடிகிற இடத்தில் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். புல்லாங்குழல் வீடெல்லாம் நிறைந்து, திறந்திருந்த கதவு வழியாகப் படியேறிப் போனது. சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தேன். மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"என்னம்மா, ஹெட்போன் வாங்கியாச்சுன்னு தம்பி சொன்னாரே?"

"வாங்கியாச்சு சார். அது மொதப் பாதிக்கு. மிச்சப் பாதி வெளியதான் கேக்கணும்."

அவருக்கு என்ன புரியும்? பாட்டு முடிகிறவரை படியில் நின்றுவிட்டு ஏறிப் போனார்.

ஊரில் மிராசு தெரு இப்போது பூட்டிக் கிடக்கிறது. பேரன்மார் எங்கெங்கோ போய்விட்டார்கள். அங்கே முகம் காட்டிக் கட்டினால் வௌவால்தான் கேட்கும். அதனால் பெட்டியை இங்கேயே ஜன்னலில் வைத்திருக்கிறேன், மேல்படியைப் பார்த்து. உன் தோடு காதில் இருக்கிறது. உன் மிச்சப் பாட்டு வாயில் வந்துவிட்டது, அடுப்படியில் நிற்கும்போது தானாக முனகுகிறேன். எவராவது வந்து விரலைச் சுழற்றிப் பார்க்கட்டும். பெட்டி திரும்பாது.